வீட்டின் முகம்

வீட்டை விற்பது என்று முடிவு செய்தவர்கள், பத்திரம் எழுதுபவரைத் தேடுவதற்கு முன்னால் வெள்ளையடிப்பவரைத் தேடுகிறார்கள். இருபது ஆண்டுகளாகத் துருப்பிடித்துக் கிரீச்சிட்ட இரும்புக் கதவு தேய்க்கப்பட்டு வண்ணம் பெறுகிறது. மாடிச் சுவரின் வெடிப்பில் வேர்விட்ட அரசங்கன்று பிடுங்கப்படுகிறது. சுற்றுச்சுவர் ஓரம் மண்டிய புல் செதுக்கப்படுகிறது. வாசற்படியின் இருபுறமும் குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்து நிற்கின்றன. “வாங்க வருகிறவர் வண்டியை விட்டு இறங்கும்போதே பாதி முடிவு செய்துவிடுவார், சார்! மீதிப் பாதிதான் உள்ளே” என்கிறார் தரகர். அவர் சொல்வது அனுபவ உண்மை.

அந்த வீட்டில் இருபது ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு ஒரு நாளும் கிடைக்காத அழகு, முன்பின் தெரியாத ஒருவருக்காக ஒரே வாரத்தில் வந்துவிடுகிறது. இதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. விற்கிற பொருளை அழகுபடுத்திக் காட்டுவது எதுவரையில் முறை? எந்த இடத்தில் அது ஏமாற்றாகிறது?

அழகுபடுத்துவதே குற்றம் என்று சொல்லும் கடுமை எனக்கு இல்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்குகிறோம். கிழிந்த பாயை உள்ளே சுருட்டி வைக்கிறோம். அது வருகிறவருக்கு நாம் செய்யும் மரியாதை. வாங்க வருகிறவரும் ஒருவகையில் விருந்தாளிதான். அழுக்கைத் துடைப்பதும் வண்ணம் பூசுவதும் பொய்யாகிவிடா. கீரைக்காரி தன் கூடையில் தண்ணீர் தெளிக்கிறாள். அதனால் கீரை பொய்க் கீரை ஆகிவிடுவதில்லை. வாடியதை நடுவில் வைத்து, பசுமையானதை வெளியில் சுற்றிக் கட்டுகிறாளே, அங்கேதான் பொய் பிறக்கிறது. முதலாவது, உள்ள பொருளை நன்றாகக் காட்டுகிறது. இரண்டாவது, உள்ள பொருளைக் காட்டாமல் தடுக்கிறது. இரண்டும் ஒரே கையின் வேலை; ஒரே நேரத்து வேலை. ஆனால் இரண்டுக்கும் இடையே எத்தனை தூரம்!

இந்தத் தூரத்தை மனிதர்கள் வெகு காலமாகவே அளந்து பார்த்து வந்திருக்கிறார்கள். கி.மு. 44-இல் ரோமாபுரியின் சிசரோ, ஏதென்சில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு கதை வருகிறது. கானியஸ் என்ற ரோமானியப் பிரபு, ஓய்வாகக் காலம் கழிக்கச் சைரகியூஸ் நகரத்தில் ஒரு தோட்டம் வாங்க விரும்பினார். பிதியஸ் என்ற லேவாதேவிக்காரன் அவரைத் தன் கடலோரத் தோட்டத்திற்கு விருந்துக்கு அழைத்தான். தோட்டத்தின் எதிரே எங்கு பார்த்தாலும் மீன்பிடி படகுகள்! செம்படவர்கள் ஒவ்வொருவராக வந்து மீன்களைப் பிதியஸின் காலடியில் கொட்டினார்கள். “இந்த ஊர் மீனெல்லாம் இங்கேதான் கிடைக்கும்” என்றான் அவன். கானியஸ் ஆசை மிகுந்து, கேட்ட விலையைக் கொடுத்துத் தோட்டத்தை வாங்கினார். மறுநாள் நண்பர்களை அழைத்தார். ஒரு படகுகூட இல்லை. “இன்று செம்படவர்களுக்கு விடுமுறையா?” என்று அண்டை வீட்டுக்காரரைக் கேட்டார். “எனக்குத் தெரிந்து இல்லை. இங்கே யாரும் மீன் பிடிப்பதே வழக்கமில்லை. நேற்று என்ன நடந்ததோ என்று நானே வியந்தேன்” என்றார் அவர்.

பிதியஸ் சுவரில் ஒரு விரிசலையும் மறைக்கவில்லை. தோட்டத்தின் முகப்பை மட்டும் ஒரு நாள் அழகுபடுத்தினான், அவ்வளவுதான். ஆனாலும் அவனை நல்லவன் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

பிதியஸின் பொய் வெளிப்படையான பொய். அதைக் கண்டிப்பது எளிது. பேசாமல் இருப்பது பொய்யாகுமா என்பதுதான் கடினமான கேள்வி. அந்தக் கேள்வியை என் வீட்டார் நடுவிலேயே கேட்க நேர்ந்தது.

என் பெரியம்மாவின் மகன் சென்னைக்குத் தெற்கே, அடையாற்றுக்குச் சற்றுத் தள்ளி வீடு கட்டியிருந்தார். 2015 டிசம்பரில் ஆறு கரை மீறியபோது அந்தத் தெருவே முழுகியது. அவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வெள்ளம் வடிந்தபின் உள்சுவர்களுக்கு மட்டும் வண்ணம் பூசினார். வெளிச்சுவருக்குக் கையில் பணம் இல்லை. அதனால் வீட்டைச் சுற்றிலும், இடுப்புயரத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு அப்படியே நின்றது. 2017-இல் மகள் திருமணத்திற்குப் பட்ட கடனைத் தீர்க்க வீட்டை விற்க வேண்டியதாயிற்று. வண்ணம் பூச வந்தவர் கோட்டைப் பார்த்துவிட்டு, “பட்டி பார்த்து அடிச்சிட்டா இப்படி ஒண்ணு இருந்ததே தெரியாதுங்க” என்று உற்சாகமாகச் சொன்னார்.

அண்ணனுக்கு மனம் உறுத்தியது. ஆனால் வாதம் பலமாகவே இருந்தது. “தம்பி, யாராவது கேட்டால் நான் மறைக்கமாட்டேன். கேட்காதவனிடம் நானாகப் போய், இங்கே வெள்ளம் வந்தது என்று தமுக்கடிக்க வேண்டுமா? வாங்குகிறவனுக்குக் கண் இல்லையா? பக்கத்து வீட்டில் விசாரிக்க வாய் இல்லையா?” என்றார்.

அண்ணன் சிசரோவைப் படித்தவர் அல்லர். ஆனாலும் அவர் சொன்னது அந்த நூலில் அப்படியே இருக்கிறது. பாம்பு நடமாடும், நோய் தரும், மரம் உளுத்த வீடு ஒன்று; குறை விற்பவருக்கு மட்டுமே தெரியும். சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை என்றார் பாபிலோனின் டயோஜெனிஸ். வாங்குகிறவர் தம் அறிவைக் கொண்டு வாங்குகிறார். நோய் பிடித்த வீடு விலைக்கு என்று ஏலம் கூறுவாருண்டோ என்பது அவர் கட்சி. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் ஒப்பவில்லை. வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் இருப்பதே பாவம். தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் போகவிடுவது அதைவிடப் பெரிய பாவம் என்றார். ஆசிரியர் பக்கம் உலக வழக்கம் நிற்கிறது. மாணவர் பக்கம் மனச்சாட்சி நிற்கிறது.

நம் நாட்டுச் சட்டங்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கின்றன. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. ஒருவன் குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறான், குறையைச் சொல்லவில்லை. அது மோசடி ஆகாது. வாங்குகிறவள் அவனுடைய மகள், இப்போதுதான் வயது வந்தவள் என்றால் குறையைச் சொல்வது அவன் கடமை. வீட்டுக்கோ சட்டம் இன்னும் கடுமையானது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் அது மோசடி.

“கண்டுபிடிக்க முடியாத குறை” என்ற சொற்களை எண்ணிப் பாருங்கள். அந்தப் பழுப்புக் கோடு இருந்தவரையில் சுவரே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணுள்ளவர் எவரும் பார்த்திருக்கலாம். பட்டி பூசிய பிறகு, “உனக்குக் கண் இல்லையா?” என்று கேட்க நமக்கு என்ன உரிமை? சாட்சியின் வாயைக் கட்டிவிட்டு, சாட்சியை விசாரித்திருக்கலாமே என்பது நியாயமா?

நான் இவ்வளவும் சொல்ல வேண்டிய தேவையே ஏற்படவில்லை. சமையலறையிலிருந்து வந்த அண்ணி ஒரே கேள்விதான் கேட்டார். “நம்ம மாப்பிள்ளையே இந்த வீட்டை வாங்க வந்தா, சொல்லாம விப்பீங்களா?”

அண்ணன் பதில் பேசவில்லை. சட்டம் எழுதியவர்கள் குதிரையையும் மகளையும் வைத்துச் சொன்னதை அண்ணி மாப்பிள்ளையை வைத்துச் சொல்லிவிட்டார்.

சுவருக்கு வண்ணம் பூசினார்கள். வீடு அழகாகவே இருந்தது. ஆனால் வந்தவர்களிடமெல்லாம் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதைக் கையால் தொட்டுக் காட்டினார் அண்ணன். இரண்டு பேர் திரும்பி வரவில்லை. நான்கு மாதம் கழித்து மூன்றாமவர் வாங்கினார், விலையை நன்றாகக் குறைத்துக்கொண்டு. கடனில் ஒரு பகுதி தீராமல் நின்றது. நேர்மைக்குப் பரிசு கிடைத்தது என்று கதை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நேர்மைக்கு விலை உண்டு. அந்த விலையைச் சில சமயம் நாமேதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. விலையே இல்லையென்றால் அதைக் கடமை என்று சொல்லத் தேவையும் இல்லை.

நடுத்தரக் குடும்பம் ஒரு வீட்டை வாங்குவது வாழ்நாளில் ஒரு முறை. சேமநல நிதியும், மனைவியின் வளையலும், இருபது ஆண்டு மாதத் தவணையும் அந்தக் கதவு வழியாக உள்ளே நுழைகின்றன. கத்தரிக்காயில் ஏமாந்தால் ஒரு வேளைக் குழம்பு கெடும். வீட்டில் ஏமாந்தால் ஒரு தலைமுறையின் தூக்கம் கெடும். ஒவ்வொரு ஐப்பசியிலும் வானத்தைப் பார்த்து நடுங்க வேண்டும். அந்த நடுக்கத்தையும் சேர்த்துத்தான் நாம் விற்கிறோம். அதை விலையில் குறிப்பிடாமல் விற்கிறோம்.

ஆகவே, வீட்டை விற்கப் போகிறவர்கள் தாராளமாக வெள்ளையடிக்கட்டும், வாசலில் செடி வைக்கட்டும், கோலம் போடட்டும். ஒவ்வொரு வேலையின்போதும் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொண்டால் போதும். “இதை ஏன் செய்தேன் என்று வாங்குகிறவர் எதிரில் நின்று என்னால் சொல்ல முடியுமா?” செடியைப் பற்றிக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இரும்புக் கதவைப் பற்றியும் சொல்லலாம். எந்த இடத்தில் நாக்கு தயங்குகிறதோ, அந்த இடத்தில் சுவருக்கு வண்ணம் தேவையில்லை. வாய்க்கு ஒரு வார்த்தை தேவை.