பிரமசுனையும் பூட்டிய சொல்லும்

ஒரு தொழிலைப் பிழையின்றி நடத்துகிறவன் அத்தொழிலின் மூலச்சொல்லை அறியாதிருந்தால் அவன் அதற்கு உரியவன் ஆவானா என்னும் கேள்வி, கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே தமிழ்ச் சமய மரபில் எழுந்ததாகும். ஓம் என்னும் பிரணவத்தின் பொருள் அறியாமல் படைப்புத் தொழிலை நடத்திவந்த பிரமனை முருகன் சிறையிலிட்டான் என்று கந்தபுராணம் கூறுகிறது. இழந்த தொழிலை மீண்டும் பெறப் பிரமன் வழிபட்ட இடம் திருத்தணி என்பது அத்தலத்து மரபு. அங்குள்ள பிரமசுனை அந்நினைவைத் தாங்கி நிற்கிறது. பிரமனின் படைப்பில் குறை கண்டதாகப் புராணம் சொல்லவில்லை. பொருள் தெரியாமையே குற்றமாக எண்ணப்பட்டது.

லினக்ஸ் இயங்குதளத்தில் வைஃபை அட்டையை இயங்கச் செய்யும் சிறு வேலையில் இக்கேள்வி இன்று மீண்டும் எழுகிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் மூலநிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தத்தக்க வடிவில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுதி, யாவருக்கும் திறந்திருப்பது. ஆனால் அட்டை இயங்குவதற்கு, இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கெர்னலுக்கும் அட்டைக்கும் இடையே தொடர்பு ஏற்படுத்தும் டிரைவரும், அட்டைக்குள் இருக்கும் சிறு செயலியில் ஓடும் ஃபர்ம்வேர் என்னும் உள்நிரலும் தேவைப்படுகின்றன. பல அட்டைகளில் ஃபர்ம்வேர் நிலையாகத் தங்குவதில்லை. கணினி உயிர்பெறும் ஒவ்வொரு முறையும் கெர்னல் அதனை எடுத்து ஏற்ற வேண்டும். ஏற்றாதவரை அட்டையின் பெயர் பட்டியலில் தெரியுமே தவிர, அலைகளை அது உணராது.

உயிர் அறியும் இயல்புடையதாயினும் அறிவிக்க அறிவது என்றும், இறைவன் காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் செய்தாலன்றி அது ஒன்றையும் அறியாது என்றும் சைவ சித்தாந்தம் கொள்கிறது. அட்டை சடம், உயிர் சித்து ஆதலால் ஒப்புமை ஓரளவே பொருந்தும். ஆயினும் அறிவிக்கும் சொல் எத்தகையது என்ற வினா இரண்டிடத்தும் முதன்மையானது.

வைஃபை சில்லு செய்வோர் பலர் அச்சொல்லாகிய ஃபர்ம்வேரை எந்திரம் மட்டுமே படிக்கும் எண்களாகத் தந்து, அதன் மூலநிரலைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றனர். பிராட்காம் சில்லுகளுக்கு ஆவணம் கிடைக்காத நிலையில், ஒரு குழுவினர் மூடிய டிரைவரை ஆராய்ந்து விளக்கம் எழுத, மற்றொரு குழுவினர் அவ்விளக்கத்தை மட்டும் கொண்டு புதிய டிரைவர் எழுதினர்; அது 2006இல் லினக்ஸ் 2.6.17 பதிப்பில் இடம்பெற்றது. அப்போதும் ஃபர்ம்வேர் பூட்டியபடியே இருந்தது.

மந்திரமும் மறைத்து ஓதப்படுவதுதானே என்று இங்கே தடை எழுப்பப்படலாம். குரு மறைப்பது மாணவனின் பக்குவம் நோக்கி. பக்குவம் வந்தபின் சொல்லும் பொருளும் முழுமையாக அளிக்கப்படுகின்றன. தந்தையாகிய சிவனே கேட்கும் நிலையில் அமர்ந்தபோது முருகன் பிரணவப் பொருளை ஒளிக்கவில்லை. வணிக மறைப்போ கேட்பவரின் எத்தகுதிக்கும் திறவாதது. ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது.

அப்படியாயின் பூட்டிய சொல்லை விலக்குவதே அறமா? திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை மாணவர் கைக்குக் கொண்டுசேர்த்தது. அத்தகைய மாணவர் ஒருவருக்கு கொள்கையின் பெயரால் இணையத்தை மறுப்பது அருளாகாது. டெபியன் குழுவினர் 2022இல் வாக்கெடுத்து, மூடிய ஃபர்ம்வேரை நிறுவும் வட்டிலேயே சேர்க்கவும், அதனைத் தனிப்பிரிவில் வைத்துப் பயனருக்குத் தெரிவிக்கவும் முடிவு செய்தனர். 2023இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு அவ்வாறே அமைந்தது. உதவியும் மறுக்கப்படவில்லை, உண்மையும் மறைக்கப்படவில்லை.

ஆதலால் தேவையுள்ளவர் பூட்டிய சொல்லை, அது பூட்டியது என்னும் அறிவோடு ஏற்றிக்கொள்ளலாம். புதிய அட்டை வாங்கும்போது திறந்த சொல்லைத் தேடுவது அவ்வறிவுக்குரிய கடமை. அத்தேடல் வீணன்று: குவால்காம் ஏதரோஸின் ஏஆர்9271 என்னும் யூஎஸ்பி வைஃபை சில்லின் ஃபர்ம்வேர் மூலநிரல் 2013இல் வெளியிடப்பட்டது, விரும்புவோர் எவரும் இன்று அதைப் படித்துப் பொருள் அறியலாம்.