சகோதரியின் கையொப்பம்

உடன்பிறந்தார் சொத்துப் பிரிக்கும் வேளையில், பெண்மக்கள் தங்கள் பங்கை 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிடுதல் நம்மவரிடையே ஒரு நற்குணமாகவே போற்றப்பட்டு வருகிறது. 'தங்கமான பெண், ஒரு காசு கேட்கவில்லை' என்று ஊரார் புகழ்வர். அப்புகழ் நியாயமானதுதானா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

உழைப்பாளிக் குடும்பத்தில் அப்படியென்ன சொத்து என்று சிலர் நகைக்கலாம். தோட்டத்து லயம் என்றும் நம்முடையதாய் இருந்ததில்லை. வேலை போனால் வீடும் போயிற்று. ஆயினும் சிறிது சேர்ந்துதான் இருக்கிறது. 1951-இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதியில் கிடக்கும் தொகை, 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பங்கு, பட்டணத்தோரம் தவணை கட்டி மீட்ட ஒரு மலிவு வீடு, தாயின் கழுத்திலிருந்த ஐந்தாறு பவுன். செல்வருக்கு இது தூசி. நமக்கோ ஒரு தலைமுறையின் வியர்வை; உடன்பிறந்தார் பத்தாண்டு முகங்கொடுத்துப் பேசாதிருக்கவும் இது போதும்.

சட்டம் இதில் குழப்பம் வைக்கவில்லை. தீபகற்ப மலேசியாவில், உயிலின்றி இறந்த முஸ்லிம் அல்லாதாரின் சொத்தை 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் வகுக்கிறது. இறந்தவரின் பெற்றோர் இல்லையெனில் துணைவருக்கு மூன்றிலொன்று, மக்களுக்கு மூன்றிலிரண்டு. மக்கள் எனில் மகனும் மகளும் சமமே; மணமானவள், ஆகாதவள் என்ற பேதமும் இல்லை. சிங்கப்பூரின் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மகளுக்கு மகனோடு ஒத்த பங்குண்டு. பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது 1929-இல். கூட்டுக்குடும்பச் சொத்தில் அது தமிழ்நாட்டில் சட்டமானது 1989-இல். இந்தியா முழுமைக்கும் 2005-இல். நம் நாடுகள் முந்திக்கொண்டன. ஏட்டில் மட்டும்!

ஏட்டிலுள்ளதைக் கையொப்பம் அழித்துவிடுகிறது. நிலம் அடங்கிய, 50 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாத சொத்தை நில அலுவலகத்துப் பங்கீட்டு அதிகாரி விசாரிக்கிறார். வாரிசுகள் நேரில் வரவேண்டும். அல்லது ஒப்புதலை எழுதித் தரவேண்டும். 'அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன்' என்று தங்கை எழுதிவிட்டால் வீடு அவன் பேருக்குப் போகும். இது குற்றமன்று. ஆனால் அவ்வெழுத்து எவ்விதம் பெறப்பட்டது? கருமாதி முடியுமுன், அவள் பங்கு இவ்வளவென்று சொல்லாமல், கையெழுத்திட மறுத்தால் இனி இவ்வாசலை மிதிக்க இயலாது என்பதைச் சொல்லாமற் சொல்லி! தாய்வீட்டுப் பாசத்தை அடகு பிடித்து வாங்கிய கையொப்பமன்றோ அது? தன்னுடையதென்று அறியாத ஒன்றை ஒருத்தி எங்ஙனம் கொடுக்க இயலும்? இழந்தாள் எனலாம், கொடுத்தாள் எனலாகாது.

'கொள்ளி வைப்பவன் மகன், ஆதலின் சொத்தும் மகனுக்கே' என்பாரும் உளர். ஒருநாள் கொள்ளி பிடித்த கைக்கு வீடு. ஆயிரம் நாள் மலசலம் எடுத்த கைக்கு ஒரு சேலையா?

நிற்க. 'வீட்டுத் தவணையை நானே கட்டினேன்' என்று ஒரு மகன் சொன்னால், அதனை நாம் அலட்சியம் செய்யமாட்டோம். ரசீதுகளோடு அது நடுவீட்டில் வைக்கப்படட்டும். அங்ஙனமே, தொழிற்சாலை வேலையை விட்டுத் தாயின் படுக்கையருகே நான்காண்டு இருந்த மகளின் கணக்கும் வைக்கப்படட்டும். அவளுக்குச் சட்டம் ஒரு காசும் கூடுதலாகத் தருவதில்லை. அதைத் தரவேண்டியது உடன்பிறந்தாரின் மனச்சாட்சி. இக்கணக்குகளெல்லாம் பேசப்படுவதற்கு முன், ஒவ்வொருவர் பங்கும் இன்னதென்று அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். வீட்டை உடனே விற்றுவிடத் துடிப்போர், இன்றிரவு அங்கே படுத்துறங்குபவர் யார் என்பதையும் நினைத்தல் நலம்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றுண்டு. உடன்பிறந்தார் நால்வர். கருமாதி கழிந்து மூன்று மாதம் எவரும் காகிதத்தைத் தொடவில்லை. பின்னர் வீட்டை நால்வர் பேரிலும் எழுதி, தாயைப் பேணிய மூத்தவள் தன் ஆயுள்வரை அதில் வாழலாமென்று தனியே எழுத்தில் வைத்துக்கொண்டனர். நகைகளைப் பிரித்தபின், இளையவள் தன் பங்குப் பவுனைக் கடன்பட்டிருந்த தம்பிக்குத் தானாகவே கொடுத்தாள். அவன் மாதந்தோறும் நூறு ரிங்கிட் கொண்டுபோய்க் கொடுக்கிறான், அவள் வேண்டாமென்கிறாள். அந்த ஒரு வழக்கு மட்டும் அவர்களிடையே இன்னும் தீர்ந்தபாடில்லை.