பஞ்ச ஆண்டில் கேட்காத ஜகாத்

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு (கி.பி. 639) அரபு நாட்டில் மழை பொய்த்தது. காற்றில் மண் சாம்பலாய்ப் பறந்ததால் அதற்குச் சாம்பல் ஆண்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. பாலைவனத்துக் குலத்தார் கூட்டங் கூட்டமாக மதீனாவுக்கு வந்து சேர்ந்தனர். மக்களின் துயர் தீரும்வரை நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உறுதி பூண்டார்கள். எண்ணெயையே உண்டு அவர்களின் மேனி கறுத்துப் போயிற்று என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இதை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம்; கண் கலங்குகிறோம். அதே ஆண்டில் அவர்கள் செய்த இன்னொரு காரியத்தை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பஞ்சத்தில் அடிபட்ட குலத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அவர்கள் அவ்வாண்டு ஆளனுப்பவில்லை. ஜகாத்தோ மார்க்கக் கடமை. அதை அவர்கள் நீக்கிவிடவில்லை. கொடுக்க இயலாதவனிடம் கேட்காமல் காத்திருந்தார்கள்.

பூமி சூடேறி வரும் இக்காலத்தில் இந்த இரண்டாவது செய்திதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. யார் எதை விட்டுக்கொடுப்பது என்பதல்லவா உலக நாடுகளின் வழக்கு?

தலைவர் எளிமை காட்டினால் போதாதா என்று சிலர் கேட்பர். அமெரிக்க அதிபர் கார்ட்டர் அதையும் செய்து பார்த்தார். எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலம் அது. 1977-இல் கம்பளிச் சட்டையோடு தொலைக்காட்சியில் தோன்றி, குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். 1979-இல் வெள்ளை மாளிகையின் கூரைமேல் வெயிலில் நீர் சூடாக்கும் 32 தகடுகளைப் பதித்தார். மறு ஆண்டுத் தேர்தலில் தோற்றார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. 1986-இல், ரீகன் ஆட்சியில், தகடுகள் இறக்கப்பட்டன.

வேடிக்கை என்னவென்றால், அந்த ரீகன் அரசுதான் 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குத் துணை நின்றது. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட வாயுக்கள் வானத்து ஓசோன் படலத்தை அரித்து வந்தன. அவை பூமியைச் சூடாக்குபவையுங்கூட. செல்வ நாடுகள் முதலில் அவற்றைக் கைவிட வேண்டும். ஏழை நாடுகளுக்குப் பத்தாண்டு தவணை என்று ஏற்பாடாயிற்று. தவணை மட்டும் போதாது, மாற்றுத் தொழிலுக்குப் பணமும் வேண்டும் என்று இந்தியாவும் சீனாவும் ஒதுங்கி நின்றன. 1990-இல் லண்டனில் அதற்கொரு நிதி ஏற்படுத்த முடிவாயிற்று. சீனா 1991-இலும் இந்தியா 1992-இலும் சேர்ந்தன. பின்னர் உலக நாடுகள் அனைத்துமே சேர்ந்துவிட்டன. ஓசோன் படலம் மெல்லத் தேறி வருகிறது.

இந்த முறை ஏன் கரியமில வாயு விஷயத்தில் பலிக்கவில்லை? அன்று சில தொழிற்சாலைகள் மாறினால் போதும். இன்று அடுப்பும் வண்டியும் மின்சாரமும் மாறவேண்டும். ஆனால் வாக்கு தவறியதும் ஒரு காரணம். 2020-க்குள் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர் திரட்டி ஏழை நாடுகளுக்குத் தருவதாக 2009-இல் கோபன்ஹேகனில் செல்வ நாடுகள் கூறின. அத்தொகை 2022-இல்தான் எட்டப்பட்டது. அதிலும் பெரும்பகுதி கடன்! தவணை தவறியவன் சொல்லும் கண்டிப்பான உபதேசம் எவர் காதில் ஏறும்?

இதைப் படித்து, தவறெல்லாம் மேல்நாட்டாருடையது என்று நாம் நிம்மதியாக இருந்துவிடலாகாது. ஏழை நாடு என்று நாம் பேசும்போது யாரைக் காட்டிப் பேசுகிறோம்? விறகடுப்பில் கண் எரியும் பெண்மணியைக் காட்டி. அவள் கணக்கில் வாங்கிய தவணையை, மூன்று அறைகளில் குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்காரர் அனுபவிக்கிறார். அவ்வீட்டாரில் நம்மவரும் உண்டு. உமர் (ரலி) அவர்கள் காத்திருந்தது அடிபட்ட குலத்தாருக்காக. அக்குலத்தாரின் பின்னே நின்றுகொண்டு, மந்தை நிறைய ஒட்டகம் வைத்திருப்பவர் ‘எனக்கும் பஞ்சந்தான்’ என்று சொல்லியிருந்தால் அவரை விட்டிருப்பார்களா?

மறு ஆண்டு மழை பெய்தது. புல் முளைத்தது. வசூலிப்பவரை அனுப்பும்போது, ஈராண்டு ஜகாத்தையும் பெற்று, ஓராண்டுக்கானதை அங்குள்ள ஏழைகளுக்கே பங்கிட்டுவிட்டு, மற்றதை மதீனாவுக்குக் கொண்டுவருமாறு கலீஃபா அவர்கள் கட்டளையிட்டார்கள்.