மூடிய ஈரம்

பூசணம் பிடித்த ஒரு சோபாவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையைப் புரட்டிப் போட்ட மழையில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால், வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் உறவினர் வீட்டில் பத்து நாட்கள் இருந்துவிட்டுத் திரும்பியபோது, கூடத்துச் சோபாவின் முதுகிலும் கைகளிலும் சாம்பல் பூத்தாற்போலப் பூசணம் படர்ந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்தோம். போய்விட்டது போலத்தான் இருந்தது. சில நாட்களில் மறுபடியும் பூத்தது.

தை பிறந்ததும், எங்களோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். புதுச் சோபா வாங்கக் கையில் பணமில்லை. என் மனைவி பூப்போட்ட விரிப்பொன்றை எடுத்து அதன்மேல் அழகாகப் போர்த்தினாள்.

"இனி யாருக்குத் தெரியப் போகிறது?" என்றாள். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகவே பட்டது.

நாங்கள் மூடி வைத்தது சோபாவை மட்டுமல்ல. அந்தப் பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மருந்தை உறிஞ்சினால் அடங்கிவிடும். "அதைப் போய் முதல் நாளே சொல்லுவானேன்?" என்றார் அண்ணன். நாங்களும் தலையாட்டினோம்.

வந்தவர்கள் உட்கார்ந்ததும் விரிப்புக்கு அடியிலிருந்து வாடை கிளம்பியது. காபித் தட்டோடு வந்த பெண் இருமினாள். இருமல் இழுப்பாயிற்று. பூசணத்தூள் இழுப்புக்காரர்களுக்கு ஆகாது என்பது எங்கள் புத்தியில் உறைக்கவே இல்லை. பிள்ளையின் தாயார் பதறி எழுந்தார். "ஜலதோஷம்" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஜலதோஷமில்லை, அம்மா. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. சித்தப்பா சொல்லக் கூச்சப்படுகிறார்."

அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

மறுநாள் அவளை அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, சோபாவை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். பூசணத்தை வீட்டுக்குள் தட்டக் கூடாது. தட்டினால் தூள் வீடெங்கும் பரவும். மாடியில் வைத்துத் தூரிகையால் தேய்த்துத் தள்ளினோம். ஸ்பிரிட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, சாயம் போகிறதா என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் பார்த்துக்கொண்டு, துணியை லேசாக நனைத்துத் துடைத்தோம். நிறைய நனைத்தால் ஈரம் உள்ளே இறங்கி, மறுபடியும் பூசணத்துக்கே தீனியாகும். பிறகு வெயிலும் காற்றும் தம் வேலையைச் செய்தன. ஒரு மெத்தையில் மட்டும் உள்ளிருந்த தேங்காய் நாரே கெட்டுப் போயிருந்தது. அதைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

அந்த வெயிலில் நின்றுகொண்டு யோசித்தேன். பூசணத்தின் விதை எந்த வீட்டுக் காற்றிலும் இருக்கிறது. அரண்மனையிலும் உண்டு, குடிசையிலும் உண்டு. அது வந்து உட்காருவது யாருடைய குற்றமும் அல்ல. அதற்கு ஈரத்தைக் கொடுத்து, காற்றை அடைத்து, மேலே விரிப்பும் போர்த்துகிறோமே, அதுதான் நம் கைங்கரியம். காய்ந்த பொருளின்மேல் போட்ட விரிப்பு அதைக் காக்கிறது. ஈரமான பொருளின்மேல் போட்டாலோ அதே விரிப்பு பூசணத்தைத்தான் வளர்க்கிறது.

அப்படியானால் மனிதன் தன் குறைகளையெல்லாம் தெருவில் நின்று கூவ வேண்டுமா? வேண்டியதில்லை. தெருவில் போகிறவனுக்கு என் வீட்டுச் சோபாவைப் பற்றித் தெரிந்து ஆகப் போவது ஒன்றுமில்லை. அவனிடம் சொல்லாமலிருப்பது அடக்கம். ஆனால் அதில் உட்காரப் போகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அவரிடம் மறைப்பது வஞ்சகம். வாய் மூடியிருப்பது இரண்டிலும் ஒன்றுதான். எதிரே இருப்பவர் யார் என்பதில்தான் தர்மம் மாறுகிறது. ஆயுள் முழுவதும் கூட வாழப் போகிற ஒருவனைத் தெருவில் போகிறவனாக நாங்கள் நடத்திவிட்டோம்.

அண்ணன் இன்றும் இதை ஒப்புக்கொள்வதில்லை. "உன் தத்துவத்தால் ஒரு நல்ல இடம் போயிற்று" என்பார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை. தத்துவம் அன்றைக்கு என்னிடம் எங்கே இருந்தது? நான் ஜலதோஷம் என்று சொல்லத்தானே வாயெடுத்தேன்!