அந்த அறையில் வாயைத் திற!

கட்டுரையின் அடியில் 62 என்று போட்டிருந்தது. பார்த்ததும் உன் முகம் தொங்கிவிட்டது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 96 வாங்கிய பிள்ளை, தெருவே வந்து வாழ்த்திய பிள்ளை, நிலப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி இங்கிலாந்துக்குப் போய் 62 வாங்கியிருக்கிறது. அம்மா போனில் "பரீட்சை எப்படிப்பா எழுதினே?" என்று கேட்டதற்கு, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாய்.

அட அசடே, அம்மாவைத் திரும்பக் கூப்பிடு! நீ வாங்கியது நல்ல மதிப்பெண்.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் 70 வாங்கினாலே முதல் வகுப்பு. முதுகலையில் அதற்கு டிஸ்டிங்ஷன் என்று பெயர். 60க்கு மேல் மெரிட். 80ஐத் தாண்டுபவர்கள் அபூர்வம். கட்டுரை எழுதும் துறைகளில் 90 என்பது ஏறக்குறைய இல்லாத எண். நம் ஊரில் பாடப்புத்தகத்தில் உள்ளதை ஒன்றுவிடாமல் எழுதினால் நூறு போடுவார்கள். அங்கே அதையே எழுதினால் ஐம்பத்துச் சொச்சம் வரும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு மதிப்பெண்ணும், நீ என்ன நினைக்கிறாய் என்பதற்கு. அதைத்தான் நீ எழுதவில்லை. வகுப்பில் பேசவும் இல்லை.

செமினார் அறையை நினைத்துப் பார். ஒரு மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர். படித்துவரச் சொன்ன கட்டுரையை நீ மூன்று முறை படித்து, ஓரத்தில் பென்சிலால் குறிப்பு வேறு எழுதி வைத்திருக்கிறாய். எதிரே ஒருவன் முதல் இரண்டு பக்கங்களை பஸ்ஸில் புரட்டிவிட்டு வந்தவன். ஆசிரியர் கேள்வியை மேசைமேல் போட்டதும் அவன் பேசுகிறான். பாதி தப்பு. தப்பு என்று உனக்குத் தெரிகிறது. பதிலும் தெரிகிறது. தொண்டை வரை வந்த வாக்கியத்தில் இலக்கணம் சரியா என்று நீ சோதித்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்து மாணவனின் இளங்கலைக் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு 9,535 பவுண்ட். வெளிநாட்டிலிருந்து போகும் உனக்கு உச்சவரம்பே கிடையாது; பல இடங்களில் அதைப்போல இரண்டு மடங்கு, அதற்கும் மேலே. அவன் கடன் வாங்கினாலும் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகுதான் பிடிப்பார்கள். 2023 ஆகஸ்ட் முதல் சேர்ந்தவனுக்கு நாற்பது ஆண்டு கழித்து மிச்சம் இருந்தால் தள்ளுபடி. உன் கடனுக்கு உன் அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த அறையிலேயே அதிகமாகக் காசு கொடுத்தவன் நீ. ஊமையாக உட்கார்ந்திருப்பவனும் நீ! இது என்ன கணக்கு?

"என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள்" என்கிறாயா? அந்தப் பயம் உனக்கு மட்டும் வந்த நோய் இல்லை, தம்பி. சண்டர்லேண்டிலிருந்தும் பர்ன்லியிலிருந்தும் வரும் வெள்ளைக்காரத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே பயம் உண்டு. இங்கிலாந்தில் தனியார் பள்ளிகளில் படிப்பவர்கள் சுமார் 7 சதவீதம்தான். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் இளங்கலை சேரும் பிரிட்டன் மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அந்தப் பள்ளிகளின் பிள்ளை. தயங்காமல் பேசும் வித்தையை அந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அதை அறிவு என்று எண்ணிக்கொண்டு நீ பின்வாங்குகிறாய். பழக்கம் அது. உனக்கும் வரும்.

இந்த இடம் பரம்பரையாக அவர்களுடையது, நாம் விருந்தாளி என்று ஓர் எண்ணம் உன் மனசின் அடியில் கிடக்கிறது. வரலாற்றைக் கொஞ்சம் புரட்டு. 1871 வரை, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத ஆங்கிலேயனுக்கே ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் சம உரிமை தரவில்லை. பெண்களை என்ன செய்தார்கள் தெரியுமா? 1890இல் ஃபிலிப்பா ஃபாசெட் என்ற மாணவி கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் ஆண்களில் முதலாக வந்தவனையும் தாண்டி மதிப்பெண் வாங்கினாள். பட்டம் கொடுக்கவில்லை. 1897இல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, சைக்கிள் ஓட்டும் பெண்ணின் உருவபொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டு, பின்பு அதைப் பிய்த்தெறிந்து கும்மாளம் போட்டார்கள் படித்த வாலிபர்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல். நாம் சுதந்திரம் வாங்கியதற்கு அடுத்த வருஷம்!

1971இல் ஓப்பன் யூனிவர்சிட்டி முதல் மாணவர்களைச் சேர்த்தது. எந்தத் தகுதிச் சான்றிதழும் கேட்கவில்லை. அடுப்படியில் நின்ற பெண்களும், ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளிகளும் பிபிசியில் நேரங்கெட்ட நேரத்தில் ஒளிபரப்பான பாடங்களைப் பார்த்துப் பட்டதாரி ஆனார்கள். வெளியே நிறுத்தப்பட்ட ஒவ்வொரு கூட்டமும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன கதைதான் அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கதை. அந்த வரிசையில் நீயும் ஒருவன். கூனிக் குறுகி நிற்காதே.

தங்கச்சி, உனக்கென்று ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜோசலின் பெல். வட அயர்லாந்துக்காரி. கிளாஸ்கோவில் இயற்பியல் ஹானர்ஸ் வகுப்பில் ஒரே பெண். அவள் உள்ளே நுழையும்போதெல்லாம் பையன்கள் விசிலடித்து, தரையை உதைத்து, மேசையைத் தட்டுவார்கள். முகம் சிவக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். 1965இல் ஆராய்ச்சிக்குக் கேம்பிரிட்ஜ் போனாள். போனதும் அவளுக்கு வந்த நினைப்பு என்ன? நம்மைத் தெரியாத்தனமாகச் சேர்த்துவிட்டார்கள், சீக்கிரமே கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதுதான். உனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற அதே நினைப்பு. அவள் அழுது முடங்கவில்லை. துரத்துகிற நாள் வரைக்கும் முழு மூச்சாக வேலை செய்வோம், துரத்தினாலும் மனசாட்சி குத்தாது என்று முடிவெடுத்தாள்.

முதலில் ஒரு வயல் நிறைய கம்பம் நட்டு, கம்பி இழுத்து ரேடியோ தொலைநோக்கி கட்டும் கூலி வேலை. பிறகு நாள்தோறும் ஏறத்தாழ முப்பது மீட்டர் நீளத்துக்கு ஓடிவரும் வரைபடக் காகிதத்தைக் கண்ணால் துழாவும் வேலை. 1967இல் அதில் ஒரு சின்னக் கிறுக்கல் கண்ணில் பட்டது. மனிதர்கள் கிளப்பும் குறுக்கீடாக இருக்கும் என்றுதான் வழிகாட்டிக்கு முதலில் பட்டது. அவள் விடவில்லை, பழைய காகிதங்களையெல்லாம் தேடிப் போய், வானத்தின் அதே இடத்திலிருந்து அது வருகிறது என்று காட்டினாள். 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு. பல்சர் என்ற நட்சத்திர வகை உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். 1974இல் அதற்கு நோபல் பரிசு வந்தபோது வழிகாட்டிக்குக் கொடுத்தார்கள், அவளுக்குக் கொடுக்கவில்லை. 2018இல் முப்பது லட்சம் டாலர் பரிசு ஒன்று அவளைத் தேடி வந்தது. அத்தனையையும், இயற்பியல் ஆராய்ச்சியில் இடம் கிடைக்காமல் நிற்கும் பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களுக்கு உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டாள். 'நான் இந்த இடத்துக்கு ஏற்றவள் இல்லை' என்று நடுங்கிய பெண் செய்த வேலை இது. பயம் போன பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று அவள் காத்திருக்கவில்லை. நீயும் காத்திருக்காதே!

நம் ஆள் ஒருவரையும் சொல்லாமல் விட முடியாது. 1914இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போன ராமானுஜனின் கணிதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவர் குளிரில் நடுங்கியதைப் பற்றிப் பேசுவதில்லை. ராத்திரியில் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டு மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்று அவர் சொல்லக் கேட்டு, கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகாலனோபிஸ் என்ற மாணவர் அவருடைய படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. ஆங்கிலேயர் வழக்கப்படி இழுத்துச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தது. அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. எண்களின் ரகசியம் தெரிந்த மனிதர், கம்பளிகளின் மேலேயே படுத்துக் குளிரில் விறைத்திருக்கிறார்! 1918இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியபோது உடம்பு போய்விட்டிருந்தது. போர்க்காலத் தட்டுப்பாடும் சைவச் சாப்பாட்டுச் சிக்கலும் நோயும் சேர்ந்து அடித்த அடி அது. கம்பளியால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் படுக்கை எனக்கு மறப்பதில்லை.

ஏனென்றால் நீயும் இன்று அதன் மேல்தான் படுத்திருக்கிறாய். விசாவுக்குப் பணம் கட்டும்போதே வருஷத்துக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணம் கட்டினாய், நினைவிருக்கிறதா? ஆனால் ஜிபி டாக்டரிடம் பெயரைப் பதியாமல், ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரையை முழுங்கிக்கொண்டு காய்ச்சலோடு கிடக்கிறாய். வீட்டில் சாவு விழுந்தாலோ, நீயே படுத்துவிட்டாலோ கெடுவை நீட்டித்துத் தருவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. ஆதாரத்தோடு நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கெடு முடிந்து நாலு நாள் கழித்து அழுதால் அவர்கள் விதியைத்தான் காட்டுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். டிசம்பரில் லண்டனிலேயே நாலு மணிக்கு முன்னால் சூரியன் மறைந்துவிடும். மனசு இருண்டு போவது இயல்பு. அதற்கும் பல்கலைக்கழகத்தில் ஆலோசகர் இருக்கிறார், தனிக்காசு வாங்குவதில்லை. ராத்திரியில் மாணவர்களே மாணவர்களின் பேச்சைக் கேட்கும் நைட்லைன் என்ற தொலைபேசிச் சேவையை 1970இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார்கள். இன்று பல ஊர்களில் இருக்கிறது. எல்லாம் செருகித்தான் வைத்திருக்கிறார்கள். நீதான் பிரிக்க வேண்டும்.

தன்னம்பிக்கை என்று சொல்லிக்கொண்டு கண்ணை மூடிக் குதிக்கச் சொல்பவன் நான் இல்லை. மேடையில் அப்படிக் கத்துபவர்கள் உன் வட்டியைக் கட்டப் போவதில்லை. படிப்பு முடிந்து வேலை தேடத் தரும் இரண்டாண்டு விசாவை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைத்துவிட்டார்கள். ஏஜென்ட் இதையெல்லாம் உரக்கச் சொல்ல மாட்டான். இன்னும் கிளம்பாதவர்கள் போகுமுன் தாங்களே கணக்குப் போடட்டும். போய்ச் சேர்ந்துவிட்ட நீ, பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாதே. மீறினால் விசாவே போகும். "நம்ம ஊர் அண்ணன்தானே" என்று கையில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு பாதிக் கூலிக்கு உழைக்காதே. 21 வயது நிரம்பியவருக்கு மணிக்குக் குறைந்தது 12.21 பவுண்ட் என்று 2025 ஏப்ரலில் சட்டம் நிர்ணயித்தது. அதைக் கேட்பதற்கு எந்த அண்ணனின் தயவும் வேண்டாம்.

"கட்டுரை எழுதித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவனை அந்த நிமிஷமே வெட்டிவிடு. 2022 முதல் இங்கிலாந்தில் அந்த வியாபாரமே சட்ட விரோதம். உன் பெயரில் இன்னொருவன் எழுதிய 68ஐவிட உன் கையால் வந்த 52 ஆயிரம் மடங்கு மேல். 52ஐ 60 ஆக்க முடியும். வாங்கிய 68ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? அடுத்த கட்டுரைக்கும் அவனிடமே போய் நிற்பாய்.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. உன் ஆசிரியர் வாரத்தில் எந்த நேரம் மாணவர்களுக்காக அறையில் இருப்பார் என்று பாடத்தின் பக்கத்தில் போட்டிருக்கும். மூன்று வரியில் மின்னஞ்சல் எழுது. தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று பாதிப் பக்கம் கும்பிடாதே. கேள்வி கேட்பது தொந்தரவு இல்லை, அந்த நேரமே அதற்காகத்தான். அவர் கடிதத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுகிறாரோ அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடு. அறுபது வயதுப் பேராசிரியரை வெறும் டேவிட் என்று அழைக்க நாக்கு கூசும்தான். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

அந்த 62 கட்டுரையை எடுத்துக்கொண்டு போ. ஓரத்தில் அவர் எழுதிய குறிப்புகளை முந்தின ராத்திரியே படித்துவிடு. இது 68 ஆக என்ன குறைகிறது என்று நேராகக் கேள். முகம் சுளிக்க மாட்டார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இந்த வாதத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று உன்னையே திருப்பிக் கேட்பார். பதிலோடு போ. அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, உன்னுடையதாக இருக்கட்டும். "நீங்களே சொல்லிடுங்க சார்" என்று மட்டும் நெளிந்துகொண்டு நிற்காதே!