எட்டு மணி நேரம்

1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை வேண்டிப் போராடிய புதுவை ஆலைத் தொழிலாளருள் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். உழைப்பாளியின் உடலைக் காக்க அன்று கேட்ட எல்லை அது. இன்று அந்த எட்டு மணியே நோயாளிக்கு வாசலை அடைக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர் வழக்கமாக வாரம் மும்முறை, நான்கு மணி நேரம் வீதம் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். எஞ்சிய நாள்களில் கணக்கெழுத அவரால் இயலும், ஆயினும், "நாள்தோறும் வருவீரா?" என்பதே முதற்கேள்வி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் அவருடைய நோய் இல்லை. நாம் உதவித்தொகை தருகிறோம், நல்லதுதான். அவர் கேட்பதோ கூலி. முழு வலிமையுள்ளோரை மட்டுமே வேலைக்கு ஏற்பது மனித மாண்புக்கு ஒவ்வாதென்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். மிஷன் வீதிக் கடைகளிலும், ஏன், நம் பள்ளி அலுவலகங்களிலும், அரை நாளில் முடியும் வேலைகள் உள்ளனவே!