தந்தைமையும் தலைமையும்

ஒருவன் பிறனொருவனுக்கு வேலை கொடுத்து, கூலி கொடுத்து, நோயுற்ற போது மருந்துங் கொடுத்து, "நான் உனக்குத் தந்தை, நீ எனக்குப் பிள்ளை" என்று கூறுவானாயின், அக்கூற்று மெய்யாதற்கு வேண்டுவன யாவை? இவ்வினா வெறும் நூலாராய்ச்சிக்கென எழுப்பப்படுவதன்று. மலைநாட்டுப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரிய அன்பர்கள் தம் மாணாக்கரின் குடும்ப வரலாற்றிலேயே இதனைக் காணலாம்.

1885ஆம் ஆண்டில் இருப்புப்பாதை நானுஓயாவை அடைந்தது. கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலம் அது. தமிழகத்து ஊர்களினின்று மக்களைத் திரட்டிக் கொணர்ந்தோர் கங்காணிமார். கங்காணி பெரும்பாலும் அம்மக்களின் ஊரினர், பலர்க்கு உறவினருமாவர். வழிச்செலவுக்கு முன்பணம் தந்தவர் அவர். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுநின்றவர் அவர். லயத்திற் பிணக்குத் தீர்த்தவரும், திருமணம் பேசியவரும், மாரியம்மன் திருவிழாவில் முன்னின்றவரும் அவரே. இவையனைத்தையும் வெறும் நடிப்பென்று தள்ளுதல் நேர்மையாகாது. அயல்நாட்டிற் புதிதாய் வந்திறங்கியவனுக்கு ஒரு நிழல் வேண்டியிருந்தது.

ஆயின் அந்நிழலுக்கு விலையும் இருந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று கங்காணிக்குத் தோட்டம் காசு கொடுத்தது. முன்பணம் தொழிலாளியின் கடனாய் வளர்ந்தது. இன்ன தொகை செலுத்தப்படின் இவ்வாட்கள் விடுவிக்கப்படுவர் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். மற்றொரு தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மகன் காலையிற் பிரட்டுக்களத்துக்கு வந்து நின்றமைக்குத் தரகு பெறும் தந்தை எங்குளன்? மகனைக் கடன்சீட்டோடு அயலானிடம் அனுப்பும் தந்தை எங்குளன்?

குற்றம் பணத்தளவில் நின்றதென்று கருதற்க. தரகு பெறாத, நெஞ்சிற் கருணையுள்ள துரை ஒருவன் இருந்தானென்றே வைத்துக்கொள்வோம். பிள்ளை மடுவத்தில் மகவுக்குப் பால் உண்டா, லயத்துக் கூரை ஒழுகுகின்றதா என்று அவன் உசாவுகின்றான். இவனைத் தந்தையென்னலாமா? இங்கேதான் கேள்வி கடினமாகின்றது. பெற்ற தந்தை தன் மகன் நடக்கக் கற்றபின் கையை விடுகின்றான். ஒருநாள் தன்னோடு வழக்காடுவான் என்று அறிந்தே அவனைப் படிப்பிக்கின்றான். தோட்டத்துத் தந்தைமையோ நரைத்த கிழவனையும் பிள்ளையாகவே வைத்திருந்தது. அவன் ஒன்று கேட்பின் அது கேள்வியன்று, நன்றிகேடு. நன்றியறிதல் நம் நூல்கள் உயர்த்திக் கூறும் அறம். அவ்வறமே வாயடைக்கும் பூட்டாயிற்று. இதனினும் கொடிய திரிபொன்றை யான் அறியேன்.

தஞ்சைப் பக்கத்தினின்று வந்த கோ. நடேசையர் 1931இல் ஹற்றனில் தொழிற்சங்கம் நிறுவியபோது, தொழிலாளர்க்கு அவர் தந்தது மற்றொரு நிழலன்று; தம் வாயால் தாமே பேசும் உரிமையை. அவ்வுரிமை எளிதில் வரவில்லை. 1940ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. முக்கால் நூற்றாண்டு பிள்ளைகளென்று அழைக்கப்பட்டோர்க்குத் தம்முடையதென்று காட்ட ஒரு துண்டு நிலமுமில்லை. எஞ்சியோர் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

கலையிலும் விளையாட்டிலும் தந்தையொத்த தலைவர் உண்டு. அங்கே இத்துணைக் கேடு நேராமைக்குக் காரணமும் உண்டு. நட்டுவனார் கண்டிப்பாயிருப்பார்; எனினும் அரங்கேற்றம் என்றொரு நாள் குறிக்கப்பட்டுள்ளது. சிலம்ப ஆசானுக்கு எதிரே மாணாக்கன் கம்பெடுத்து நிற்கின்றான். ஆசானின் காவலைக் கடந்து அவன் அடி விழுமாயின் ஆசானே மகிழ்கின்றார். அரங்கேற்றத்தைத் தள்ளிக்கொண்டே போகும் ஆசிரியரும் உளர். அவர் கங்காணிக்கு நெருங்கிய உறவினர்.

நம் சமயம் இதனை முன்னரே எண்ணியிருக்கின்றது. தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என்ற வரிசையில் மகன்மை இரண்டாம் படியே. அதற்கு மேலே தோழமை இருக்கின்றது. திருவெண்ணெய்நல்லூரிலும் ஓர் ஓலை இருந்தது. வழிவழி அடிமை என்று அதுவுங் கூறிற்று. ஆனால் அவ்வோலையை உடையவர் அவையின்முன் வழக்காட வந்தார்; இளைஞன் பிடுங்கிக் கிழித்ததைப் பொறுத்தார்; தம்மைப் பித்தனென்று ஏசிய சொல்லையே பாட்டின் முதலாக ஏற்றார். அவ்வடிமை பின்னர்த் தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றார்.

தோட்டப் பாடசாலைகள் 1970களினின்று படிப்படியாக அரசின் கைக்கு வந்துவிட்டன. ஆசிரியர் இன்று எந்தத் துரைக்கும் கைகட்டி நிற்பவரல்லர். ஆயினும் வகுப்பிற் பின்வரிசைப் பையனைக் காட்டி, "இவனுக்கு இவ்வளவு படிப்புப் போதும்; வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்" என்று அன்போடு கூறும் ஆசிரியரை யான் கண்டதுண்டு. நானும் அவ்வாறு ஒருமுறை கூறியிருக்கின்றேன். அப்பையனை யாரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை.